சரளைச் செம்மண், மானாவாரி, மஞ்சள் தேமல்: எந்தப் பயறு, எந்த ரகம் எடுக்கலாம்?

கல்லல்புஞ்சை:

எல்லாருக்கும் வணக்கம். கல்லல் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. அதில் ஒரு ஏக்கர் கண்மாய்க்குக் கீழே, வண்டல் அடித்த மண், மழை விட்டும் கொஞ்ச நாள் ஈரம் நிற்கும். மீதி இரண்டும் மேட்டுப் புஞ்சை, கலப்பை சற்று ஆழம் போனால் செம்புறாங்கல் சரளை மேலே வந்துவிடும். அப்பா காலத்தில் கடலை போட்ட நிலம், அப்புறம் ரொம்ப வருஷம் தரிசாகக் கிடந்து சீமைக்கருவேலை ஏறிவிட்டது. அதையெல்லாம் எடுத்துவிட்டுப் போன புரட்டாசிப் பட்டத்தில் மூன்று ஏக்கரிலும் உளுந்து விதைத்தேன். விதை பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் எடுத்தது. பையில் அட்டை எதுவும் இல்லை, ரகம் கேட்டால் "புது ரகம், நல்லா காய்க்கும்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. விதைத்த ஒரு மாதத்துக்குள் மேட்டில் பாதிக்கு மேல் மஞ்சள் பாய்ந்துவிட்டது, கண்மாய்க் கீழ் துண்டிலும் அங்கங்கே மஞ்சள்தான். கடைசியில் எடுத்தது வீட்டுக்கு இட்லிக்கும் ஆடிக்குக் கும்மாயம் கிண்டவும் காணும், விற்க ஒன்றும் மிஞ்சவில்லை.

மண் பரிசோதனையில் கார அமில நிலை 5.6, கரிமச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குறைவு என்று வந்திருக்கிறது. இந்த வருஷம் ரகம் பார்த்துத்தான் விதைக்க வேண்டும் என்று இருக்கிறேன். ஆனால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கூட விளைகிற ரகம் எடு, நோயைத் தாங்குகிற ரகம் எடு, உன் மண்ணுக்கு எதுவும் வராது சவுக்கு வை... மச்சான் ஒருத்தர் மார்க்கெட் விலையைப் பார்த்துவிட்டு பீன்ஸ் போடச் சொல்கிறார். அம்மாவுக்கு மொச்சை வேண்டும். விளைச்சல், நோய், மண் மூன்றையும் வைத்துப் பார்த்தால் நீங்கள் எதை முதலில் பார்ப்பீர்கள்? ரகத்தின் பெயரைச் சொன்னாலும் சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொன்னாலும் சரி.

ஆலங்குடியார்:

தம்பி, வம்பன் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கும்போது அட்டை இல்லாத பையை எதற்கு வாங்க வேண்டும். தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையமே அங்கேதான் இருக்கிறது. உளுந்தில் வம்பன் 6, வம்பன் 8, அப்புறம் வந்த 10, 11 எல்லாம் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் என்பதைப் பார்த்தே வெளியிட்ட ரகங்கள். நான் வம்பன் 8 போடுகிறேன். 2016-இல் வந்தது, 65லிருந்து 75 நாளுக்குள் முடிந்துவிடும். காய் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முற்றும், அதனால் செடியோடு அறுத்துக் களத்தில் போட்டு அடிக்கலாம். இப்போது ஆள் கூலி இருக்கிற இருப்பில் இதுவும் விளைச்சல் கணக்குதான். மூன்று தடவை ஆளை விட்டுக் காய் பறித்தால் கையில் என்ன மிஞ்சும்?

முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். மஞ்சள் எப்படி ஆரம்பித்தது? கீழ் இலை வெளுத்து மேலே ஏறியிருந்தால் அது தழைச்சத்து (நைட்ரஜன்) பசி. கொழுந்தில் பளிச்சென்று திட்டுத் திட்டாக மஞ்சளும் பச்சையும் கலந்து வந்து, புது இலை வர வர மஞ்சள் கூடி, காய் குட்டையாகச் சூம்பிப்போயிருந்தால் அதுதான் தேமல். தேமலைப் பரப்புவது வெள்ளை ஈ. வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது, பிடுங்கிப் புதைக்க வேண்டியதுதான். முதல் ஒரு மாதத்துக்குள் வந்தால் அந்தச் செடியில் ஒன்றும் தேறாது, பூத்துப் பிஞ்சு விட்ட பிறகு வந்தால் ஓரளவு தப்பும்.

பையில் நீல அட்டை இருந்தால் சான்று விதை, வெள்ளை அட்டை என்றால் ஆதார விதை. இரண்டும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கல்லல்புஞ்சை:

கொழுந்தில்தான் அண்ணே முதலில் வந்தது, நீங்கள் சொன்ன திட்டு மஞ்சள். ஆனால் மேட்டில் சில இடத்தில் கீழ் இலையும் வெளுத்திருந்தது. செடி ஒரு சாண் உயரத்துக்கு மேல் எழும்பவே இல்லை.

புஞ்சைக்காரி:

அப்படியானால் இரண்டு சீக்கும் இருந்திருக்கிறது தம்பி. ரகத்தை மாற்றினால் ஒன்றுதான் தீரும்.

நான் திருமயம் பக்கம், எங்கள் மண்ணும் உங்கள் மேட்டு மண் மாதிரிதான், மழை பெய்த மறுநாள் செருப்பில் ஒட்டாது. ஆலங்குடி அண்ணன் சொல்வது எல்லாம் சரி, ஆனால் அதெல்லாம் உங்கள் கண்மாய்க் கீழ் ஏக்கருக்கு. சரளையில் உளுந்தே போடாதீர்கள் என்பேன். எந்த ரகமாக இருந்தாலும் உளுந்துக்குக் கொஞ்சம் பிடிப்பு உள்ள மண் வேண்டும், பூக்கிற நேரத்தில் பத்து நாள் மழை தள்ளிப்போனால் சரளையில் பூவெல்லாம் கொட்டிவிடும். அந்த இடத்துக்குத் தட்டைப்பயறும் கொள்ளும் துவரையும்தான். எங்கள் வீட்டில் கொள்ளு பையூர் 2 போடுகிறோம். அதற்கு ஒரு உழவு, ஒரு மழை, அவ்வளவுதான். அதற்கும் மோசமான துண்டில் மாமியார் காலத்திலிருந்து எடுத்து வைக்கிற ஒரு செந்தட்டை இருக்கிறது. கொடி ஓடும், காய் கொஞ்சம்தான், ஆனால் மழை ஏய்த்த வருஷத்திலும் விதைக்காவது தேறாமல் போனதில்லை.

ரகம் எடுக்கும்போது புத்தகத்தில் எழுதாத சில விஷயமும் பார்க்க வேண்டியிருக்கிறது. மயில் முதலாவது. முளை விடும்போது ஒரு தடவை, பிஞ்சு விடும்போது ஒரு தடவை கூட்டமாக இறங்கும். குத்துச் செடியாக, காய் இலைக்கு மேலே நீட்டிக்கொண்டு இருக்கிற ரகம் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பிடிக்கும், அறுக்கச் சுலபம். மயிலுக்கும் அதுதான் சுலபம். எங்கள் பழைய செந்தட்டையில் காய் இலைக்குள் மறைந்து கிடக்கும். அப்புறம் வேக எவ்வளவு நேரம் ஆகிறது, தண்ணீர் கருக்கிறதா என்பதும் இருக்கிறது. விற்காமல் மிஞ்சுவதை நாம்தான் சாப்பிடப் போகிறோம்.

வேர்முடிச்சு:

பயிர் இனப்பெருக்கம் முதுநிலை படிக்கிறேன், சொந்த ஊர் தேவகோட்டை. நோய், மண் இரண்டைப் பற்றியும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தாங்கும்" என்று ஒரு ரகத்தைச் சொன்னால் எங்கே, எதை வைத்துச் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும். மஞ்சள் தேமலுக்குக் காரணமான வைரஸ் ஒன்று மட்டும் இல்லை. வட இந்தியாவில் பெரும்பாலும் இருப்பதும் நம் பக்கம் பெரும்பாலும் இருப்பதும் நெருங்கிய சொந்தம், ஆனால் வேறு வேறு. அதனால் வடக்கே நன்றாகத் தாங்குகிற ரகம் இங்கே வந்து படுத்துவிடலாம். ஆன்லைனில் விதை வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. வம்பன் மாதிரி இடத்தில் சோதிக்கும்போது, சுலபமாக நோய் வாங்குகிற கோ 5 போன்ற பழைய ரகத்தை வரிசை வரிசையாக நடுவில் விதைத்துவிடுவார்கள். அதில் தேமல் ஏறி, வெள்ளை ஈ சுற்றியுள்ள எல்லாவற்றிலும் வைரஸைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த நடுவிலும் பச்சையாக நிற்பதைத்தான் எடுப்பார்கள். அதாவது உங்கள் மாவட்டத்து ஈ, உங்கள் மாவட்டத்து வைரஸ். பக்கத்து நிலையத்து ரகத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம், ஊர்ப்பாசம் இல்லை.

இன்னொன்று, தாங்கும் ரகத்தில் ஒரு செடியில்கூட மஞ்சள் வராது என்று எதிர்பார்க்காதீர்கள். கொஞ்சம் வரும். வயலில் பரவாமல், காயைக் கெடுக்காமல் நின்றால் போதும். ஒரே ரகத்தை ஊர் முழுக்க வருஷா வருஷம் போட்டுக்கொண்டே இருந்தால் வைரஸும் சும்மா இருக்காது, இன்று தாங்குவது நாளை தாங்காமல் போகலாம். தேமலை மட்டுமே பார்த்துவிட்டு வேரழுகலை மறந்துவிடாதீர்கள். சூடான மேட்டு மண்ணில், பூக்கிற சமயம் வறட்சி வந்தால், செடி நின்ற நிலையில் வாடிக் காயும். பிடுங்கினால் பட்டை நார் நாராகக் கழன்று வரும். அதை ரகத்தை மட்டும் வைத்துத் தடுப்பது கஷ்டம். விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்து விதையுங்கள்.

இப்போது மண். செம்புறை மண்ணில் மணிச்சத்து குறைவு என்று அறிக்கையில் வருவது பாதி உண்மைதான். மணிச்சத்து இருக்கிறது, இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்கு விடுவதில்லை. நீங்கள் போடுகிற சூப்பர் பாஸ்பேட்டிலும் ஒரு பங்கு அப்படியே போய்ப் பூட்டிக்கொள்ளும். அதனால் அந்தப் பூட்டை எந்தப் பயிரின் வேர் திறக்கும் என்று பார்க்க வேண்டும். துவரை திறக்கும். அதன் வேரிலிருந்து கசிகிற பிசிடிக் அமிலம் இரும்போடு சேர்ந்துகொண்டு மணிச்சத்தை விடுவிக்கிறது என்பதை இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்து ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்டார்கள். புஞ்சைக்காரி அக்கா தட்டை, கொள்ளோடு துவரையைச் சேர்த்துச் சொன்னதைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, அனுபவத்தில் எட்டிய இடத்துக்கே ஆய்வும் வந்து சேர்கிறது. மேட்டில் தட்டைக்கு ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை ஓட்டிவிடுங்கள். தட்டை போன பிறகும் துவரை நிற்கும், இலை கொட்டி மண்ணுக்கும் கொஞ்சம் சேரும்.

கம்பாலாவாசி:

காரைக்குடிக்காரன், வேலை உகாண்டாவில். உங்கள் மச்சான் சொன்ன பீன்ஸ் பற்றி எழுதத்தான் வந்தேன், ஏனென்றால் இங்கே மூன்று வேளையும் அதுதான்.

நம்மூரில் பீன்ஸ் வேண்டாம். கொடைக்கானல், ஊட்டி குளிருக்கு வருகிற பயிர் அது. பகலில் 30 டிகிரியைத் தாண்டி இரவும் புழுக்கமாக இருந்தால் பூ நிற்காது. கல்லலில் மார்கழி, தை தவிர எப்போது 30-க்குக் கீழே இருக்கிறது? எந்த ரகம் எடுத்தாலும் அது வெறும் செலவு.

ஆனால் பீன்ஸில் ரகம் தேர்ந்தெடுக்கிற முறையில் நமக்குப் பாடம் இருக்கிறது. கொலம்பியாவில் காலி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பன்னாட்டு நிலையம் இருக்கிறது, 37,000-க்கு மேல் பீன்ஸ் விதை மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவு இருந்தும் ஒரு ரகத்துக்குள் எல்லாக் குணமும் ஒன்றாக வந்துவிடவில்லை. மணிச்சத்து இல்லாத மண்ணில் எது பிழைக்கிறது என்று வேரைத் தோண்டிப் பார்த்தார்கள். மணிச்சத்து மேல் மண்ணில்தான் இருக்கிறது, அதனால் வேரைச் சாய்வாக மேலாகவே பரப்புகிற செடி அதிகம் எடுத்துக்கொள்கிறது, வேர்த்தூவி நீளமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் வறட்சி வந்தால் ஆழமாக வேர் விடுகிற செடிதான் தப்பிக்கும். ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது. கல்லல் தம்பிக்கு இரண்டு கஷ்டமும் ஒரே புஞ்சையில் இருக்கிறது, அதனால் ஒரே ரகத்தில் எல்லாவற்றையும் தேடாதீர்கள், இரண்டு மூன்றை வையுங்கள்.

பக்கத்து நாடு ருவாண்டாவில் விவசாயிகள் பல நிறப் பீன்ஸைக் கலந்தே விதைப்பார்கள். ஒன்று வேரழுகலில் போனால் இன்னொன்று நிற்கும். 1980களின் கடைசியில் அங்கே ஆராய்ச்சி நிலையத்துக்குள்ளேயே விவசாயப் பெண்களை வரவழைத்து, பாத்தி பாத்தியாக நடந்து பார்த்து, "உங்கள் நிலத்துக்கு எது வேண்டும்" என்று எடுக்கச் சொன்னார்கள். அவர்கள் எடுத்தது அவர்கள் நிலத்தில் ஏற்கெனவே இருந்த கலவையைப் பெரும்பாலும் மிஞ்சியது. விளைச்சலை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. வாழை நிழலில் வருமா, மண் சரியில்லாத துண்டில் நிற்குமா, எத்தனை நாளில் முடியும், இதெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். மேலே புஞ்சைக்காரி அக்கா மயிலைப் பற்றி எழுதியதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

போகிற போக்கில் ஒன்று. நம்மூர் ஆட்கள் ஒரு காலத்தில் வியாபாரத்துக்குப் போன பர்மாவிலிருந்துதான் இன்று இந்தியா இறக்குமதி செய்கிற உளுந்தில் பெரும்பங்கு வருகிறது. காரைக்குடிக் கடையில் வாங்குவது எந்த ஊர் உளுந்து என்று யாரும் கேட்பதில்லை.

ஆலங்குடியார்:

எல்லாம் சரி, ஆனால் மண் ஏழை மண் ஏழை என்று சொல்லிக்கொண்டு அதற்கு ஒன்றும் கொடுக்காமல் ரகத்தை மட்டும் தேடினால் எப்படி? விதை நேர்த்தி செய்யுங்கள். 8 கிலோ விதைக்கு வேர் முடிச்சுக்கான ரைசோபியம் ஒரு 200 கிராம் பாக்கெட், மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கிற பாஸ்போபாக்டீரியா ஒரு பாக்கெட், ஆறின கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைக்க வேண்டும். தொழு உரம் ஏக்கருக்கு 300 கிலோவை சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்து ஒரு மாதம் மூடி வைத்துப் போட்டால் வேர்முடிச்சு தம்பி சொன்ன பூட்டு விஷயம் கொஞ்சம் குறையும். பூக்கும்போது ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து ஒரு தடவை டிஏபி கரைசல், லிட்டருக்கு 20 கிராம், முதல் நாள் இரவே ஊற வைத்து வடித்த தெளிவு. இவ்வளவும் செய்துவிட்டுத்தான் ரகத்தைக் குறை சொல்லலாம்.

புஞ்சைக்காரி:

அண்ணே, எல்லாம் செய்தால் எந்த ரகமும் நல்ல ரகம்தான். எங்கள் பக்கம் யார் இரண்டு தடவை டிஏபி அடிக்கிறார்கள்? கைத்தெளிப்பானுக்குத் தண்ணீர் எடுத்துப் போகவே ஆள் இல்லை. நான் உண்மையில் என்ன செய்வேனோ அதற்கு எந்த ரகம் வரும் என்று பார்க்க வேண்டாமா?

கல்லல்புஞ்சை:

இந்த இடத்தில்தான் எனக்குக் குழப்பம். நோட்டீஸில் போட்டிருக்கிற விளைச்சல் என் மண்ணில் வராது என்று தெரிகிறது. அப்படியானால் என் மண்ணில் எது எவ்வளவு வரும் என்று நானே பார்க்க வேண்டுமானால் எப்படிப் போடுவது? மூன்று ஏக்கரிலும் சோதனை செய்து வீட்டில் பேச்சு வாங்க முடியாது.

வேர்முடிச்சு:

முப்பது சென்ட் ஒதுக்கினால் போதும், மீதியில் வழக்கம்போல விதையுங்கள்.

மேட்டுப் புஞ்சையில் நடந்து பாருங்கள், எல்லா இடமும் ஒன்றாக இருக்காது. பழைய கருவேலை நின்ற இடம், மழைத் தண்ணீர் வழிந்தோடுகிற இடம், சரளை துருத்திக்கொண்டு நிற்கிற இடம் என்று தெரியும். நல்ல இடம், நடுத்தரம், படுமோசம் என்று மூன்று இடத்தில் பத்துப் பத்து சென்ட். ஒவ்வொரு இடத்திலும் நான்கு ரகம் பக்கத்துப் பக்கத்தில், ரகத்துக்கு இரண்டரை சென்ட். மேட்டுக்கு நான் வைப்பது தட்டையில் கோ 7, வம்பன் ரகம் ஒன்று, புஞ்சைக்காரி அக்கா செந்தட்டை மாதிரி ஊர் ரகம் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாத்தி வம்பன் 8 உளுந்து. மூன்று இடத்திலும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள், மாற்றி மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் வரப்போரம் இருக்கிற ரகம்தான் எப்போதும் ஜெயிக்கும்.

உரச் சண்டைக்கும் இதிலேயே தீர்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு பாத்தியையும் குறுக்கே பாதியாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஆலங்குடி அண்ணன் சொன்ன ஊட்டமேற்றிய தொழு உரம், மறு பாதிக்கு ஒன்றும் இல்லை. விதை நேர்த்தி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல. உரம் போட்ட பாதியில் முதலாக வருகிற ரகம் வேறு, போடாத பாதியில் முதலாக வருகிற ரகம் வேறு என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், நிறைய நடக்கும். நிலையத்துச் சோதனைப் பாத்திகள் பெரும்பாலும் ஊட்டம் பெற்ற பாத்திகள், அங்கே முதலாவதாக வந்தது உங்கள் சரளையில் மூன்றாவதாக வரலாம்.

பூக்கிற சமயத்தில் ஒவ்வொரு பாத்தியிலும் நாலைந்து செடியை மண்ணோடு மண்வெட்டியில் எடுத்து, தண்ணீரில் அலசி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயன் இல்லை. உங்கள் 5.6-ல் அது நடக்க வாய்ப்பு இருக்கிறது. அமில மண்ணில் மாலிப்டினம் என்ற நுண்சத்து செடிக்குக் கிடைக்காமல் போகும், அது இல்லாமல் முடிச்சால் தழைச்சத்தைப் பிடிக்க முடியாது. போன வருஷம் கீழ் இலை வெளுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சுண்ணாம்பு எவ்வளவு போடலாம் என்று மண் அறிக்கையை எடுத்துக்கொண்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ செட்டிநாடு உலர்நில ஆராய்ச்சி நிலையத்திலோ கேளுங்கள், நான் இங்கிருந்து அளவு சொல்ல மாட்டேன்.

ஆலங்குடியார்:

நல்ல யோசனை. ஆனால் அறுவடையைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. நல்ல பச்சையாக, உயரமாக நிற்கிற செடியைப் பார்த்து எல்லாரும் ஏமாறுவார்கள். அளந்து அறுங்கள். பெரிய வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்தால் அதில் கிடைத்த கிலோவை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. ஒன்றரைக் கிலோ என்றால் ஏக்கருக்கு 243 கிலோ. உங்கள் பாத்தியில் பாதிக்குப் பாதி போட்டாலும் ஐந்துக்கு ஐந்து சதுரம் அடங்கும், ஓரத்து வரிசையை மட்டும் விட்டுவிடுங்கள். அடித்து, தூற்றி, நன்றாகக் காய வைத்துப் பல்லில் கடித்தால் கடக்கென்று உடைய வேண்டும், அப்புறம் எடை போடுங்கள். ஈரத்தோடு எடை போட்டு ஒரு ரகத்தைத் தூக்கி வைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேமலுக்கு வாரம் ஒருமுறை ஒரு சுற்று வந்து, பாத்திக்கு எத்தனை செடி மஞ்சள் என்று எழுதி வையுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு ஐந்து போதும். சுற்றி இரண்டு வரிசை சோளம் விதைத்தால் வெள்ளை ஈ உள்ளே வருவது குறையும்.

கம்பாலாவாசி:

கணக்குப் பார்க்கும்போது மூன்று இடத்துச் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். படுமோசமான இடத்தில் எது எவ்வளவு கொடுத்தது என்று தனியாகப் பாருங்கள். நல்ல மழை வருஷத்தில் எல்லா ரகமும் ஏதோ கொடுக்கும், கடன் வாங்க வைப்பது கெட்ட வருஷம். என் கணக்கு: மோசமான பாத்தியில் கடைசியாக வந்த ரகத்தை, நல்ல பாத்தியில் முதலாக வந்திருந்தாலும், மேட்டில் பெரிய அளவுக்கு விதைக்காதே. அதைக் கண்மாய்க்குக் கீழே கொண்டுபோ.

புஞ்சைக்காரி:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. கூடவே பறிக்க எத்தனை ஆள் ஆச்சு என்றும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள் தம்பி. செந்தட்டை விதை ஒரு படி தருகிறேன், திருமயம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், முகவரியைத் தனியாக அனுப்புகிறேன். மொச்சையைச் சோதனைக்குள் இழுக்காதீர்கள். நம்மூர் மொச்சை எப்போது விதைத்தாலும் பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் போட்டாலும் புரட்டாசியில் போட்டாலும் மார்கழிக்குப் பிறகுதான் காய். அம்மாவுக்கு வேலியோரம் பத்துக் குழி போட்டுவிடுங்கள், மொச்சை போட்டு வெண்டைக்காய் மண்டி சமைக்க அது போதும்.

கல்லல்புஞ்சை:

எல்லாருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன். கண்மாய்க் கீழ் ஏக்கரில் வம்பன் 8, நீல அட்டை பார்த்து வாங்கியது. மேட்டில் ஒரு ஏக்கர் கொள்ளு பையூர் 2, மீதி ஏக்கரில் முப்பது சென்ட் சோதனைப் பாத்தி, எஞ்சியது தட்டை கோ 7 நடுவில் துவரை வரிசை. மச்சானுக்குப் பீன்ஸ் பற்றிக் கம்பாலா அண்ணன் எழுதியதை அப்படியே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

இரண்டு சந்தேகம். உளுந்து நன்றாக வந்தால் அதிலிருந்தே அடுத்த வருஷத்துக்கு விதை எடுக்கலாமா? மழை பிந்தி, ஐப்பசி பாதிக்கு மேல்தான் விதைக்க முடிகிறது என்றால் என்ன செய்வது?

வேர்முடிச்சு:

உளுந்து தன் மகரந்தத்திலேயே காய்க்கிற பயிர், அதனால் எடுக்கலாம். பூக்கும்போதும் காய்க்கும்போதும் இரண்டு தடவை வயலுக்குள் போய் வேறு மாதிரி இருக்கிற செடி, தேமல் வந்த செடி எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பக்கத்து வயல் உளுந்திலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி, நடுவிலிருந்து விதைக்கு எடுங்கள். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை புது சான்று விதைக்கு மாறிக்கொள்ளுங்கள். சோதனைப் பாத்தியில் வருவதை விதைக்கு வைக்காதீர்கள், பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அறுக்கும்போதும் அடிக்கும்போதும் கலந்துவிடும்.

ஆலங்குடியார்:

பிந்தினால் மேட்டில் தட்டைக்குப் பதிலாக அதையும் கொள்ளாக மாற்றிவிடுங்கள், கொள்ளு கார்த்திகை தொடக்கம் வரைக்கும் பொறுக்கும். கண்மாய்க் கீழ் ஏக்கரில் தண்ணீர் நின்றால் உளுந்தை அவசரப்பட்டுப் போடாதீர்கள், அதில் நெல் போட்டு எடுத்துவிட்டுத் தையில் அந்த ஈரத்திலேயே விதையுங்கள். நெல் தரிசுக்கு என்றே ஆடுதுறை 3 மாதிரி ரகம் தனியாக இருக்கிறது, விதையும் ஏக்கருக்கு 12 கிலோ ஆகும். விதைக்கு இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள், பட்டம் வந்த பிறகு போனால் நீல அட்டைப் பை கிடைக்காது.